உள்பை பிரியும் பிழிபாட்டில்: 200 மில்லி கொள்கலனை வடிவமைக்கும் முறை

சோயா சாஸ் பாட்டிலைத் திறந்த நாளிலிருந்தே அதன் நிறம் கருக்கத் தொடங்கும், மணமும் மாறும். ஊற்றிய அளவுக்கு உள்ளே காற்று புகுந்துவிடுவதுதான் காரணம். ஜப்பானில் 2009-இல் யமாசா நிறுவனம் ஊற்றினாலும் காற்று உள்ளே போகாத பை வடிவ உறையில் சோயா சாஸைக் கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கிக்கோமன், பிழிந்து ஊற்றும் இரட்டைச் சுவர் பாட்டிலை அங்காடிகளில் வைத்தது. பார்ப்பதற்குச் சாதாரண பாட்டில். உள்ளே மெல்லிய பை ஒன்று வெளிச்சுவரிலிருந்து பிரிந்து, சாஸ் குறையக் குறையச் சுருங்கிக்கொண்டே போகும்.

இந்தப் பாட்டிலில் பையைத் தனியாகச் செய்து உள்ளே நுழைப்பதில்லை. வெளிக்கூடும் உள்பையும் ஒரே பாரிசனாக (உருகிய பிளாஸ்டிக் குழாயாக) வெளிவந்து, ஒரே மோல்டில் (அச்சில்) ஒன்றாக ஊதப்படுகின்றன. ஆகவே வடிவமைப்பு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: இரண்டும் எங்கே ஒட்டாமல் பிரிய வேண்டும், எங்கே விடாமல் பிடித்திருக்க வேண்டும்? சுவர் முழுக்கப் பிரிய வேண்டும். கழுத்திலும் அடியிலும் பிடித்திருக்க வேண்டும். இதில் ஒன்று இடம் மாறினாலும் பாட்டில் வேலை செய்யாது.

இங்கே எடுத்துக்கொள்வது 200 மில்லி, உருளை வடிவம், 52 மி.மீ. விட்டம், நீர்த்த சாஸ் வகைக்கான பாட்டில். தரப்படும் அளவுகள் முதல் மோல்டுக்கான தொடக்கப் புள்ளிகள். உங்கள் டை (உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் வாய்), உங்கள் குருணைக்கு (பிளாஸ்டிக் மணிகளுக்கு) ஏற்ப அவை கொஞ்சம் நகரும்.

முதலில் இயக்கம்

வெளிக்கூட்டில் ஒரு சிறு காற்றுத் துளை இருக்கும். பாட்டிலைப் பிழியும்போது இந்தத் துளை அடைபட வேண்டும். அப்போதுதான் கூட்டுக்கும் பைக்கும் நடுவில் உள்ள காற்று பையை அழுத்தி, மூடியிலுள்ள ஒருவழி வால்வின் வழியே சாஸை வெளியே தள்ளும். கையை எடுத்ததும் கூடு பழைய வடிவத்துக்கு விரியும். மூடி வால்வு மூடிக்கொள்ள, துளை திறந்து, வெளிக்காற்று இடைவெளிக்குள் மட்டும் போகும். சாஸைக் காற்று தொடுவதே இல்லை.

இதிலுள்ள ஒரு கணக்கைப் பலரும் தவறவிடுகிறார்கள். புதுப் பாட்டிலில் இடைவெளியே கிடையாது. பிழிந்த விசை நேராகச் சாஸுக்குப் போகும். 180 மில்லி தீர்ந்தபின் அந்த இடம் முழுக்கக் காற்று. மூடி வால்வு திறக்க 0.1 பார் (காற்று மண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்று) அழுத்தம் வேண்டுமென்றால், முதலில் அந்தக் காற்றை ஏறத்தாழ 16 மில்லி அளவுக்கு அமுக்கியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒரு சொட்டு வரும். வால்வு 0.03 பாரிலேயே திறக்குமானால் 5 மில்லி அமுக்கினால் போதும். பாட்டில் பாதிக்குமேல் காலியானதும் "பிழிந்தால் வரவே மாட்டேன் என்கிறது" என்று புகார் வந்தால், சுவரைக் குறை சொல்வதற்கு முன் வால்வின் திறப்பு அழுத்தத்தை அளந்து பாருங்கள்.

கெட்சப், தேன் பாட்டில்களில் வரும் குறுக்கு வெட்டுள்ள சிலிக்கோன் வால்வை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது இரு பக்கமும் திறக்கும். கூடு விரியும்போது காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மடல் வால்வோ, தண்டு வால்வோதான் வேண்டும்.

இந்தத் தொழிலுக்குப் புதியவர் என்றால் பிழிபாட்டிலுக்குப் பதில் பம்ப் வைத்த பாட்டிலில் தொடங்குவது நல்லது. பம்ப் சாஸை உறிஞ்சும்போது பை தானாகச் சுருங்கும். காற்றுத் துளை எப்போதும் திறந்தே இருக்கலாம், வால்வு தேவையில்லை, கூட்டைத் தடிமனாகச் செய்யலாம். பை பிரியும் நுட்பம் கைக்கு வந்தபின் பிழிபாட்டிலுக்குப் போகலாம்.

அடுக்குகள்

வெளியிலிருந்து உள்ளே வரும் வரிசை இது:

1. வெளிச்சுவர்: ரேண்டம் கோபாலிமர் பிபி (சிறிது எத்திலீன் கலந்த பாலிபுரொப்பிலீன்), புதுக் குருணை, சுமார் 250 மைக்ரான் (1000 மைக்ரான் ஒரு மி.மீ.)
2. ரீகிரைண்ட் அடுக்கு (அரைத்துத் திரும்பப் போடும் கழிவு): சுமார் 350 மைக்ரான்
3. மறுபடி புது பிபி: சுமார் 100 மைக்ரான்
4. இவிஓஎச் (எத்திலீன் வினைல் ஆல்கஹால், ஆக்சிஜனைத் தடுக்கும் பிளாஸ்டிக்): 25 மைக்ரான்
5. ஒட்டுப் பிசின்: 15 மைக்ரான்
6. எல்டிபிஇ அல்லது எல்எல்டிபிஇ (அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன் வகைகள்): 60 மைக்ரான்

முதல் மூன்றும் சேர்ந்து வெளிக்கூடு, 700 மைக்ரான். பின் மூன்றும் உள்பை, 100 மைக்ரான். பிரிவு நடப்பது 3-க்கும் 4-க்கும் நடுவில். பிபியும் இவிஓஎச்சும் உருகிய நிலையில் ஒன்றாக வந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டாதவை. இந்த இயல்பை நம்பித்தான் பாட்டில் முழுவதும் நிற்கிறது.

இவிஓஎச் பையின் வெளிப்பக்கம் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈரம் ஏறினால் அதன் ஆக்சிஜன் தடுப்பு குறையும். சாஸுக்கும் அதற்கும் நடுவில் பாலிஎத்திலீன் நிற்பதால் ஈரம் நேராகத் தாக்காது. பாலிஎத்திலீனும் இவிஓஎச்சும் தாமாக ஒட்டாதவை என்பதால் அங்கே ஒட்டுப் பிசின் வேண்டும்.

இவிஓஎச் வாங்கும்போது எத்திலீன் அளவைக் கேட்டு வாங்குங்கள். 32 மோல் சதவீதமுள்ள ரகம் ஆக்சிஜனை மிக நன்றாகத் தடுக்கும். ஆனால் விறைப்பானது, மடிப்பில் வெடிக்கும். உருகுநிலை சுமார் 183 டிகிரி. 44 மோல் ரகத்தின் தடுப்பு கொஞ்சம் குறைவு. ஆனால் மடங்கும், 165 டிகிரி அளவிலேயே உருகும், மற்ற அடுக்குகளோடு ஒத்து விரியும். இந்தப் பாட்டிலின் பை வாழ்நாள் முழுக்க மடிந்துகொண்டே இருப்பது. நம் பரிந்துரை 44 மோல் ரகம். தடுப்புத் திறன் அதிகம் என்று 32-ஐப் போட்டு, மடிப்பில் ஊசித்துளை விழுந்தால் அந்தத் திறனால் என்ன பயன்?

வெளிக்கூட்டுக்கு ஹோமோபாலிமர் பிபி (எத்திலீன் கலக்காதது) வேண்டாம். அது குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துக் கீழே போட்டால் உடையும். ரேண்டம் கோபாலிமர் ஓரளவு தெளிவாகவும் இருக்கும், பிழிந்தபின் வடிவமும் திரும்பும்.

ரீகிரைண்ட்: பெரும்பாலான தோல்விகள் இங்கேதான்

ஊது வார்ப்பில் கழுத்திலும் அடியிலும் கழிவு விழும். அதை அரைத்துத் திரும்பப் போடாமல் கட்டுப்படியாகாது. ஆனால் அந்தக் கழிவில் பிபி மட்டும் இல்லை. இவிஓஎச், ஒட்டுப் பிசின், எல்டிபிஇ எல்லாம் கலந்திருக்கும். ஒட்டுப் பிசினின் வேலையே இவிஓஎச்சைப் பிடித்துக்கொள்வது. ரீகிரைண்ட் கலந்த பிபி நேராகப் பையைத் தொட்டால் பை அங்கங்கே ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் ஓட்டத்தில் அழகாகப் பிரிந்த பாட்டில், மூன்றாம் நாள் அரைத்த கழிவு சேர்ந்ததும் பிரியாமல் போவது இதனால்தான்.

மேலே சொன்ன மூன்றாவது அடுக்கு அதற்காகவே உள்ளது. ரீகிரைண்டை நடுவில் பூட்டி, பையைத் தொடும் பக்கத்தில் புது பிபி வையுங்கள். இந்த அடுக்குக்குத் தனி எக்ஸ்ட்ரூடர் (குருணையை உருக்கித் தள்ளும் இயந்திரம்) இல்லையென்றால், வெளிச்சுவர் எக்ஸ்ட்ரூடரின் ஓட்டத்தை டை தலையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை உள்பக்கம் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாத இயந்திரத்தில் ரீகிரைண்டை இந்தப் பாட்டிலுக்குப் போடவே வேண்டாம். உணவு படாத வேறு சரக்குக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஓட்டும்போது

டை வெப்பம் 200 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். இவிஓஎச் 240-ஐத் தாண்டினால் கெட்டு, கட்டிகளாக வரும். 100 மைக்ரான் பையில் ஒரு கட்டி விழுந்த இடம் பின்னாளில் ஓட்டை. இவிஓஎச் ஈரத்தை இழுக்கும். மூட்டையைத் திறந்து வைத்துவிட்டு மறுநாள் போட்டால் படலத்தில் குமிழ் வரும். ஈரம் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். திறந்திருந்த சரக்கை 90 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் உலர்த்திப் போடுங்கள். இயந்திரத்தை நிறுத்தும்போது இவிஓஎச் எக்ஸ்ட்ரூடரை எல்டிபிஇ போட்டுத் தள்ளிச் சுத்தம் செய்யுங்கள். நைலான் போட்டுத் தள்ளக் கூடாது. இரண்டும் வினைபுரிந்து கட்டியாகும், பிறகு தலையைப் பிரித்துத்தான் சுரண்ட வேண்டும்.

இந்த அளவுக்கு மேற்பரப்பு சுமார் 220 சதுர செ.மீ. வரும். கழுத்தின் தடிமனையும் சேர்த்துப் பாட்டில் எடை 18 கிராம் அளவில் நிற்க வேண்டும். எடை சரியாக இருந்தால் அடுக்கும் சரி என்று எண்ணிவிடாதீர்கள். சுவரின் நான்கு பக்கங்களிலும் ஒவ்வொரு மெல்லிய சீவல் எடுத்து, அயோடின் கரைசலைத் தடவிப் பெரிதாக்கிப் பாருங்கள். இவிஓஎச் படலம் மட்டும் பழுப்பேறித் தனிக் கோடாகத் தெரியும். ஒரு பக்கம் 35 மைக்ரான், எதிர்ப்பக்கம் 15 என்று வந்தால் டையின் மையம் விலகியிருக்கிறது.

உடல் வடிவம்

கூடு மெலியும் இடத்தில் பையும் அதே விகிதத்தில் மெலியும். சதுரப் பாட்டிலின் மூலையில் கூடு 350 மைக்ரானாகப் பாதியானால் பை 50 மைக்ரான்தான். எனவே உருளை அல்லது நீள்வட்டம். அடி விளிம்பில் குறைந்தது 6 மி.மீ. ஆரம் விடுங்கள். உடலில் ஆழமான வரிப்பள்ளம், எழுத்துப் புடைப்பு எதுவும் வேண்டாம். பை அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு பிரிய மறுக்கும். பிழியும் இடம் வழவழப்பாகவும் சற்றே மெலிந்தும், தோளும் அடியும் விறைப்பாகவும் இருந்தால் கூடு தானாக வடிவம் திரும்பும்.

கழுத்து

பாட்டில் வாயின் விளிம்பை வெட்டியதும் கூடும் பையும் சேரும் கோடு அங்கே வெளியே தெரியும். நகத்தால் கீறினாலே பிரியும் இடம் அது. நிரப்பும்போது ஒரு சொட்டு அந்தக் கோட்டில் புகுந்தால் இடைவெளிக்குள் இறங்கி, அங்கேயே புளித்து நாறும். ஆகவே மூடியின் உள்வளையம் வாய்க்குள் இறுக்கமாக நுழைந்து பையைக் கூட்டோடு சேர்த்து நசுக்க வேண்டும். வளையத்தின் வெளிவிட்டம் வாயின் உள்விட்டத்தைவிட 0.2 முதல் 0.3 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். மேல் விளிம்பிலும் ஒரு தட்டையான அழுத்தம் வேண்டும். பை கீழே இழுபடாமல் தடுப்பது இந்தப் பிடிதான். நுழைமுனையை உருட்டிவிடுங்கள், கூராக இருந்தால் வளையமே பையைச் சுரண்டி உள்ளே தள்ளிவிடும்.

அடித் தையல்

பாரிசனின் உள்பக்கம் எல்டிபிஇ. மோல்டு மூடி அடியை நசுக்கும்போது எல்டிபிஇயும் எல்டிபிஇயும் ஒட்டுகின்றன. பை நன்றாக மூடிக்கொள்கிறது. ஆனால் வெளிக்கூட்டின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. நடுவில் பையின் தையல் நிற்கிறது, அதற்கு இரு பக்கமும் ஒட்டாத பரப்பு. அதாவது அடிக்கோடு நெடுக வெளிக்கூடு உண்மையில் பிளந்தே இருக்கிறது. பாட்டில் கீழே விழுந்தால் முதலில் வாய் திறப்பது இந்தக் கோடு. திறந்தால் பிழியும்போது காற்று அதன் வழியே ஓடிவிடும், சாஸ் வராது.

இதற்கு மூன்று காரியங்கள் செய்யலாம். நசுக்கும் விளிம்பைக் கத்தி போல வைக்காமல், தையல் 1 முதல் 1.5 மி.மீ. தடிமனும் 2 மி.மீ. உயரமும் உள்ள முகடாக நிற்கும்படி விடுங்கள். அந்த விளிம்பில் சிறு சிறு பற்களை மாற்றி மாற்றி வெட்டுங்கள். இரு பக்க பிபியும் தையலைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். பாட்டில் சூடாக இருக்கும்போதே முகட்டை ஒரு பக்கமாக மடித்துவிட்டால் விழும்போது மோதல் நேராகத் தையலில் படாது. அடியை உள்நோக்கிக் குழித்து, தையல் மேசையைத் தொடாதபடி செய்வதும் அவசியம்.

பம்ப் பாட்டிலுக்கு இந்தப் பிளவே வரம். அதையே காற்று புகும் வழியாக விட்டுவிடலாம், தனித் துளை போட வேண்டியதில்லை.

காற்றுத் துளை

துளையைத் தோளில், மூடியின் பாவாடைக்குள் (கீழிறங்கும் பக்கச்சுவருக்குள்) மறையும் இடத்தில் வையுங்கள். கைவிரல் அதை அடைக்காது, தூசியும் ஏறாது. துளை வரும் இடத்தில் மோல்டிலேயே 6 மி.மீ. அகலத்துக்குத் தட்டையான பரப்பு கொடுங்கள். வளைந்த பரப்பில் துளையின் ஒரு ஓரம் வெட்டுப்படும் முன் மறு ஓரத்தில் கத்தி பையைத் தொட்டுவிடும்.

துளையிடக் குழாய் வடிவக் கத்தி சிறந்தது. மெதுவாகச் சுழன்று வெளிக்கூட்டை வட்டமாக வெட்டும், வெட்டிய வில்லையை உறிஞ்சு காற்று இழுத்துக்கொள்ளும். ஆழத் தடை அந்த இடத்தின் கூட்டுத் தடிமனுக்கு மேல் 0.05 மி.மீ.க்கு மிகக் கூடாது. அதற்கே அந்த இடத்தின் தடிமன் பாட்டிலுக்குப் பாட்டில் மாறாமல் இருக்க வேண்டும். வால்வு பொருத்துவதென்றால் 3 முதல் 4 மி.மீ. துளை, மூடிக்குள் மறையும் மடலே வால்வாக வேலை செய்வதென்றால் 1.5 மி.மீ. போதும். சூடான ஊசியால் குத்துவது மலிவான வழி என்று சிலர் செய்வதுண்டு. கூடாது. ஊசி கூட்டையும் பையையும் உருக்கி, அந்த இடத்தில் ஒன்றாக ஒட்டிவிடும். துளை இருக்கும், காற்று போகாது. சில சமயம் பையும் சேர்ந்து ஓட்டையாகும்.

துளையை மூடிக்கு வெளியே வைத்திருந்தால், லேபிள் ஒட்டுபவரிடமும் ஸ்லீவ் சுருக்குபவரிடமும் துளையின் இடத்தைச் சொல்லிவைக்க வேண்டும். துளையின் மேல் லேபிள் ஏறினால் கூடு விரியாமல் நசுங்கியே நிற்கும்.

முன்பிரிப்பு

மோல்டிலிருந்து வந்த பாட்டிலில் பை கூட்டோடு அழுந்திப் படிந்திருக்கும். முதல் முறை பிரிக்கத்தான் அதிக விசை வேண்டும். அந்த வேலையை வாங்குபவர் கையில் விடக் கூடாது. துளை வழியே வடிகட்டிய காற்றை 0.3 முதல் 0.5 பார் அழுத்தத்தில் செலுத்துங்கள். பை தோளிலிருந்து கீழ்நோக்கிப் பிரிந்து இறங்கும். முக்கால் பங்கு பிரிந்ததும் நிறுத்தி, வாய் வழியே ஊதிப் பையைப் பழையபடி சுவரோடு படியவையுங்கள்.

முழுக்க நசுங்கும்வரை விட்டால் பை கூர் மடிப்பாக மடிந்து, நான்கு மடிப்புகள் சந்திக்கும் முனையில் ஊசித்துளை விழும். திரும்ப விரித்தபின் கொள்ளளவை அளந்து பாருங்கள். பை சரியாகப் படியாத பாட்டிலில் 200 மில்லி நிரப்பும்போது வாய் வழியும். பாட்டில் ஆறுவதற்கு முன் முன்பிரிப்பு செய்தால் வெளிக்கூடு உப்பிவிடும். குறைந்தது சில மணி நேரம் கழித்துச் செய்யுங்கள்.

பை வாயை அடைக்காமல் இருக்க

மேல்பகுதி முதலில் சுருங்கிக் கழுத்தை அடைத்துவிட்டால் அடியில் சாஸ் தேங்கிவிடும். உருளைப் பாட்டிலில் இதற்கு எளிய வழி, மேலிருந்து கீழாக 3 முதல் 5 மி.மீ. அகலத்தில் ஒரே ஒரு ஒட்டுப் பட்டை. டையில் பிபிக்கும் இவிஓஎச்சுக்கும் நடுவில் அந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் பிசினை விடுகிறோம். பை அந்தப் பக்கம் பிடித்திருக்க, எதிர்ப்பக்கம் மட்டும் நகர்ந்து வந்து அதன்மேல் படியும். வழி கடைசிவரை திறந்திருக்கும். நீள்வட்டப் பாட்டிலென்றால் ஒடுங்கிய இரு ஓரங்களிலும் ஒவ்வொரு பட்டை. அகன்ற முகங்கள் நடுவில் வந்து சந்திக்கும். பட்டைக்கான வசதி டையில் இல்லையென்றால் மூடியிலிருந்து பாதி ஆழத்துக்கு இறங்கும், பக்கவாட்டில் துளைகளுள்ள சிறு குழாய் ஒன்றைப் பொருத்தலாம்.

சோதனைகள்

ஒவ்வொரு பாட்டிலிலும் செய்ய வேண்டியது பைக் கசிவுச் சோதனை: வாய் வழியே காற்றழுத்தம் கொடுத்து, துளை வழியே காற்று வருகிறதா என்று பாருங்கள். மற்றவை மாதிரி எடுத்துச் செய்வன. நீல மைக் கரைத்த நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து நிரப்பி, ஐம்பது முறை பிழிந்து, ஒரு நாள் படுக்கவைத்து, இடைவெளியில் நீலம் தெரிகிறதா என்று பாருங்கள். 5 டிகிரியில் ஒரு நாள் வைத்த நிறைந்த பாட்டிலை 1.2 மீட்டர் உயரத்திலிருந்து அடிப்பாகம் தரையில் படுமாறு ஒரு முறையும் பக்கவாட்டில் ஒரு முறையும் போடுங்கள். விழுந்த பாட்டில் அதன் பிறகும் பிழிந்தால் ஊற்ற வேண்டும். இனி வராது என்னும்வரை ஊற்றி எடைபோடுங்கள். நீர்த்த சாஸில் மிச்சம் 5 சதவீதத்துக்கு மேல் நின்றால் பை அடைக்கிறது என்று பொருள். பாட்டிலை வெட்டி விரலால் பையை உரித்துப் பாருங்கள். பட்டையைத் தவிர வேறெங்கும் கை விசையை உணரக் கூடாது.

கோளாறு வந்தால் பையின் எந்த இடம் என்று முதலில் பாருங்கள். மூலையில் ஓட்டையென்றால் சுவர்ப் பகிர்வு, துளைக்கு நேரே என்றால் கத்தியின் ஆழம், எங்கெங்கோ என்றால் இவிஓஎச் கட்டி. பிழிந்தபின் கூடு நசுங்கியே நின்றால் துளை அடைப்பா, சுவர் மெலிவா என்று பிரித்தறிய மூடியைக் கழற்றுங்கள். கழற்றியதும் விரிந்தால் சுவரில் குறையில்லை.

சட்டமும் மறுசுழற்சியும்

இந்தியாவில் உணவுக்கு விற்க 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல ஒழுங்குமுறை விதிகள் பொருந்தும். பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் மொத்தமாக இறங்கும் பொருளின் வரம்பு கிலோவுக்கு 60 மில்லிகிராம், அல்லது சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராம். சோதனை முறை ஐஎஸ் (இந்தியத் தரநிலை) 9845. உணவைத் தொடுவது உள்பையின் பாலிஎத்திலீன் என்பதால் அது ஐஎஸ் 10146-க்கு இணங்க வேண்டும். வெளிக்கூட்டு பிபிக்கு ஐஎஸ் 10910. குருணை விற்பவரிடம் சான்றிதழை மூட்டையின் தொகுதி எண்ணோடு கேட்டு வாங்கி வையுங்கள்.

மறுசுழற்சியில் இந்தப் பாட்டிலுக்குக் குறையுண்டு, அதை மறைக்கக் கூடாது. மேலே சொன்ன அடுக்கில் இவிஓஎச் எடையில் 4 சதவீதம், பாலிஎத்திலீன் 8 சதவீதம் அளவில் பிபியோடு கலந்து போகும். தெளிவான பிபியாக அது திரும்ப வராது. எனவே காற்றுப் பட்டால் உண்மையிலேயே கெடும் சரக்குக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்: பதனப்பொருள் சேர்க்காத சாஸ், எளிதில் சிக்கெடுக்கும் எண்ணெய் வகை, சில சருமப் பூச்சுகள். ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும் நல்லெண்ணெய்க்கு இது வீண் செலவு. அது சாதாரணப் பாட்டிலிலேயே நன்றாக இருக்கும்.